பதிலுக்கான தபால் தலை

செந்தோசா, கிள்ளான்
மலேசியா
12 மார்ச் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வேலாயுதம் எழுதுவது. நானும் லெட்சுமியும் சுகம். குளிர் குறைந்ததும் உங்கள் முழங்கால் வலியும் கொஞ்சம் இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

இத்துடன் ஆறு உறைகள் வைத்திருக்கிறேன். முகப்பில் என் முகவரி. பின்பக்கம், அனுப்புநர் இடத்தில், உங்கள் கிரிம்ஸ்பி வீட்டு முகவரி. மூலையில் இங்கிலாந்துத் தபால் தலை. நீங்கள் எழுதி மூடித் தெருமுனைப் பெட்டியில் போட்டால் போதும். அனுப்புநர் முகவரி எழுதாத பிள்ளைகளுக்குக் காலமெல்லாம் மதிப்பெண் குறைத்தவன் நான். உங்கள் உறையில் அதை விட்டுவிடுவேனா?

முதலில் பதில் கூப்பன்தான் கேட்டுப் போனேன். நீங்கள் தாதிப் பயிற்சிக்குக் கப்பலேறிய பிறகு அப்பா பிரிக்பீல்ட்ஸ் அஞ்சலகத்தில் வாங்கி உறைக்குள் வைப்பாரே, அந்தக் கூப்பன். அதை அங்கே கொடுத்து நீங்கள் தலை வாங்கிக்கொள்வீர்கள். இப்போது கவுண்டரில் இருந்த பெண், “டிஸ்கவுண்ட் கூப்பனா அங்கிள்?” என்று கேட்டாள். விளக்கிச் சொன்னேன். “வாட்சப் போட வேண்டியதுதானே லா” என்றாள். அக்காவுக்குக் காது கேட்காது, கைப்பேசி என்றாலே ஆகாது, எழுத்துதான் எங்களுக்குப் பேச்சு என்று சொன்னேன். பாவம், வரிசையில் ஆள் நின்றதால் தலையாட்டி அனுப்பிவிட்டாள்.

பிறகு மஸ்ஜித் இந்தியா தெருவில் அப்துல் கனி பாய் கடைக்குப் போனேன். பழைய நாணயம், தபால் தலை எல்லாம் வைத்திருப்பவர்.

“வாத்தியார் பென்ஷன்ல வெள்ளக்காரனுக்கு ஸ்டாம்பு வாங்கித் தர்ற ஒரே ஆளு நீங்கதான் சார்” என்றார்.

“இதெல்லாம் இன்னும் செல்லுமா பாய்? பழசா இருக்கே.”

“ராணி மூஞ்சி சார். அது எப்படிச் செல்லாமப் போகும்?”

கேட்கிறவன்தான் பதிலுக்கும் காசு கட்ட வேண்டும் என்பது அப்பா வீட்டில் வைத்த சட்டம். கேட்கிறவன் எப்போதும் நான்தான். நீங்கள் என்னிடம் எதையும் கேட்டதே இல்லை.

அத்தானின் தம்பி மகன் முகுந்தன் உங்களோடு தங்க வந்திருப்பதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அத்தான் போன பிறகு அந்த வீட்டில் நீங்கள் தனியாக இருப்பதே எங்களுக்குக் கவலை. இனி கொஞ்சம் நிம்மதியாகத் தூங்குவோம்.

உங்கள் கையெழுத்தைப் பார்க்கக் காத்திருக்கும்,
வேலு

•

கிரிம்ஸ்பி
2 ஏப்ரல் 2023

தம்பி வேலுவுக்கு,

பவுனம்மாள் எழுதியது. உன் கடிதமும் உறைகளும் வந்தன. லெட்சுமியின் சர்க்கரை எப்படி இருக்கிறது? மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று அவளிடம் மறுபடியும் கேள். தாதியாக இருந்தவள் சொல்கிறேன், அவள் தப்பாகத்தான் சாப்பிடுவாள்.

முகுந்தன் எல்லாம் பார்த்துக்கொள்கிறான். பகலில் மீன் கிடங்கில் வேலை, மாலையில் வந்து சமைக்கிறான். காரம் அதிகம், பரவாயில்லை. கடைக்கு அவனே போவதால் பேங்க் அட்டையும் அவனிடம்தான் இருக்கிறது. நான் எங்கே போகப் போகிறேன், பரவாயில்லை. காது மிஷினுக்குப் பேட்டரி வாங்க அடிக்கடி மறந்துவிடுகிறான். என்னிடம் பேச யார் இருக்கிறார்கள், அதுவும் பரவாயில்லை. பக்கத்து வீட்டு ஜீன் செவ்வாய்க்கிழமை தேநீருக்கு வருவாள் அல்லவா, இப்போது வருவதில்லை. அவளுக்கும் வேலை இருக்கும், பரவாயில்லை.

நான் எதையும் கேட்டதில்லை என்று குறைப்பட்டிருக்கிறாய். அப்பா சட்டம் எனக்கும்தானே? எனக்கு ஏதாவது கேட்க வேண்டி வந்தால் உன் பதிலுக்கான தலையை நானே வைத்து அனுப்புகிறேன். அதுவரை நீயே செலவு செய்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் இருவரும்.
அக்கா

•

செந்தோசா, கிள்ளான்
23 ஏப்ரல் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே வெயில் தாங்கவில்லை, மற்றபடி குறைவில்லை. லெட்சுமி மாத்திரையைத் தப்பாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். முட்டியில் ரத்தம் வழிய வந்து, “ஒன்னும் இல்ல சார்” என்பான். உண்மையிலேயே ஒன்றும் இல்லாத பிள்ளை அப்படிச் சொல்லாது, பேசாமல் போய் உட்காரும். நீங்கள் ஒரே பத்தியில் நான்கு முறை பரவாயில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

மனம் கேட்காமல் சாலாக் செலாத்தானில் முகுந்தனின் அம்மா சந்திரகலா வீட்டுக்குப் போனேன். நன்றாகத்தான் வரவேற்றாள்.

“அவன் அங்க பெரியம்மாவ ராணி மாதிரி வெச்சிருக்கான் அண்ணே” என்றாள்.

“சரிம்மா. பேங்க் அட்டை எதுக்கு அவன்கிட்ட?”

“நீங்க என்ன போலிஸ் மாதிரி கேக்குறீங்க? பிள்ளை இல்லாத வீடு. நாளைக்கு யார் பாக்கப் போறா? ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டா அவனுக்கும் ஒரு பிடி இருக்கும்லா.”

“என்ன கையெழுத்து?”

“டீ ஆறுது, குடிங்க அண்ணே.”

எங்கள் பக்கத்து வீட்டு நண்பர் குருவின் மகள் மலர்விழி லீட்ஸ் நகரில் மருந்தாளராக இருக்கிறாள். உங்கள் ஊருக்குக் காரில் இரண்டு மணி நேரமாம். ஒரு வார்த்தை எழுதுங்கள், அவளை அனுப்பி உங்களைப் பார்த்துவரச் சொல்கிறேன்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
வேலு

•

கிரிம்ஸ்பி
14 மே 2023

வேலு,

உயிரோடு இருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நீ எழுதியதைப் பார்த்தால் மிகவும் பயந்துபோயிருக்கிறாய் என்று தெரிகிறது.

நீ சாலாக் செலாத்தான் போன செய்தி அன்றைக்கே இங்கே வந்துவிட்டது. முகுந்தன் சத்தம் போடவில்லை. சிரித்துக்கொண்டே என் காதிலிருந்து மிஷினைக் கழற்றினான், துடைத்தான், பேட்டரியை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மிஷினைத் திருப்பித் தந்தான். பிறகு நான் உதட்டைப் படிக்கும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னான். “தம்பிக்கு என்ன எழுதுன பெரியம்மா?”

அன்றிலிருந்து எனக்கு உலகம் சத்தமில்லாமல் இருக்கிறது. அவன் பின்னால் வந்து நின்றால் தெரிவதில்லை. அடித்ததில்லை. நிற்கிறான், அவ்வளவுதான். பாத்திரம் கழுவும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே கழுவுகிறேன்.

இரண்டு தாள்களில் கையெழுத்துக் கேட்கிறான். ஒன்றில் வீடு அவன் பேருக்குப் போகும். இன்னொன்றில் நான் எங்கே இருக்க வேண்டும் என்பதை அவன் முடிவு செய்வான். கண்ணாடி உடைந்துவிட்டது, படிக்காமல் போட மாட்டேன் என்று தள்ளிக்கொண்டிருக்கிறேன். கண்ணாடியை உடைத்தது நானேதான்.

இப்போது கவனமாகக் கேள். உன் கடிதங்களை அவன் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருகிறான். நான் எழுதுவதை அவன் பார்ப்பதில்லை. அவன் வேலைக்குப் போன பிறகு எழுதுகிறேன், முனைப் பெட்டி வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துபோய்ப் போட்டுவிட்டு வருகிறேன். என்னிடம் ஒரு காசு கிடையாது. உன் உறைகள் இல்லையென்றால் இதுவும் இல்லை. உறையைத் தடுத்தால் நீ சந்தேகப்படுவாய் என்று விட்டுவைத்திருக்கிறான்.

அதனால் நீ எனக்கு எழுதும்போது, நான் ஏதோ வானிலை பற்றி எழுதியது போலப் பதில் எழுது. நான் கேட்கும்வரை எதுவும் செய்யாதே. அதிகாரிகளிடம் சொல்லாதே, அந்தப் பெண்ணை அனுப்பாதே. அவர்கள் வருவார்கள், விசாரிப்பார்கள், போய்விடுவார்கள். அவர்கள் போன பிறகு நான் அவனோடுதான் இருக்க வேண்டும். எப்போது என்பதை நான் சொல்கிறேன்.

லெட்சுமியைத் தவிர யாரிடமும் பேசாதே.
அக்கா

•

செந்தோசா, கிள்ளான்
11 ஜூன் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அங்கே மழை விட்டு வெயில் வந்ததாக எழுதியதைப் படித்து மகிழ்ந்தோம். முகுந்தன் உங்களை நன்றாகக் கவனித்துக்கொள்வதற்கு எங்கள் நன்றியைச் சொல்லுங்கள். அவன் அம்மாவிடம் நான் அன்று கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன். வயதாகிவிட்டது, மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

இங்கே புதிதாக ஒன்றுமில்லை. குருவின் மகள் லீட்ஸில் புதுக் கார் வாங்கியிருக்கிறாளாம். வார இறுதியானால் சும்மா ஊர் ஊராக ஓட்டிக்கொண்டு போகிறாளாம். இந்தக் காலத்துப் பிள்ளைகள்.

நேற்று மழையைப் பார்த்ததும் பழைய ஞாபகம் வந்தது. பள்ளி விட்டதும் எல்லாப் பிள்ளைகளையும் பெற்றோர் கூட்டிப்போய்விடுவார்கள். ஒரு சிறுமியின் அப்பா மட்டும் லோரி ஓட்டுபவர், எப்போதும் தாமதமாகத்தான் வருவார். நான் பள்ளி வாசலில் குடையோடு நிற்பேன். “நீங்க வீட்டுக்குப் போகலையா சார்?” என்று அந்தப் பிள்ளை கேட்கும். “நான் சும்மாதாம்மா நிக்கிறேன்” என்பேன். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை அக்கா. இப்போதும் சும்மாதான் நின்றுகொண்டிருக்கிறேன்.

லெட்சுமி தன் அன்பைச் சொல்லச் சொன்னாள். தினமும் சொல்கிறாள்.

வேலு

•

கிரிம்ஸ்பி
6 ஆகஸ்டு 2023

என் தம்பி வேலுவுக்கு,

உன் குடைக் கதையை அவன் வாய்விட்டுப் படித்துக் காட்டினான். எனக்குக் கேட்காது என்று மறந்துவிட்டான் போல. பிறகு நானே படித்துக்கொண்டேன். உடைந்த கண்ணாடிச் சில்லைக் கண்ணருகே பிடித்தால் படிக்க முடிந்தது.

இப்போது கேட்கிறேன். அப்பா சட்டப்படி உனக்குத் தலை வைத்து அனுப்ப வேண்டும். என்னிடம் எதுவும் இல்லாததால் வெறும் வார்த்தையாகக் கேட்கிறேன்.

ஆகஸ்டு 26, சனிக்கிழமை, அவன் லண்டனில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறான். ஞாயிறு இரவுதான் திரும்புவான். அந்தப் பெண்ணை வரச் சொல். பெட்டி வேண்டாம், ஒரு கோட்டும் கைப்பையும் போதும். பாஸ்போர்ட் கடலை மாவு டப்பாவில் அடியில் இருக்கிறது. மணி அடித்தால் எனக்குக் கேட்காது. அதனால் முன் அறை ஜன்னலில், தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். அவள் கையை ஆட்டினால் போதும்.

இதற்குப் பதில் எழுதிவிடாதே. அவளை அனுப்பு. அதுதான் பதில்.

கண்ணாடிச் சாக்கு இனி ஓடாது. நேற்றுப் புதுக் கண்ணாடி வாங்கி வந்து என் முகத்தில் அவனே மாட்டிவிட்டான். கையெழுத்துப் போடாமல் இன்னும் எத்தனை நாள் இருப்பேன் என்று தெரியவில்லை. நான் துணிச்சலானவள் என்று நீ எல்லோரிடமும் சொல்வாய். எனக்குப் பயமாக இருக்கிறது வேலு.

அக்கா

•

செந்தோசா, கிள்ளான்
3 செப்டம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உங்களிடமிருந்து மே மாதத்துக்குப் பிறகு ஒரு கடிதமும் வரவில்லை. உறைகள் தீர்ந்திருக்காது, கணக்குப்படி நான்கு மிச்சம் இருக்க வேண்டும். ஒருவேளை கை வலியோ?

தபால்காரர் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் லெட்சுமி எனக்கு முன்னால் ஓடுகிறாள். நேற்று, “சார், உங்களுக்குத் தண்ணி பில்லு மட்டும்தான்” என்று வருத்தப்பட்டுக்கொண்டே கொடுத்துவிட்டுப் போனார்.

உங்களால் எழுத முடியவில்லை என்றால், முகுந்தனையாவது இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். சுகமாக இருக்கிறீர்கள் என்ற செய்தி போதும். அதற்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை.

சும்மா நின்றுகொண்டிருக்கும்,
வேலு

•

கிரிம்ஸ்பி
22 செப்டம்பர் 2023

மதிப்பிற்குரிய வேலாயுதம் மாமாவுக்கு,

முகுந்தன் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அத்தையும் நல்ல ஆரோக்கியத்துடன் இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

பெரியம்மா எழுதவில்லை என்று வருந்தியிருந்தீர்கள். எழுதினார் மாமா. ஆகஸ்டில் எழுதிய கடிதம் இங்கேயே திரும்பி வந்துவிட்டது. நீங்கள் ஒட்டி அனுப்பிய ராணி தலை ஸ்டாம்புகள் ஜூலையோடு செல்லாமல் போய்விட்டன. இப்போது அந்த மாதிரித் தலைகளில் பக்கத்திலேயே பார்கோடு அச்சிட்டிருக்க வேண்டும். உங்களுக்கு எப்படித் தெரியும்? நல்ல வேளையாக, உறையின் பின்னால் அனுப்புநர் முகவரியை உங்கள் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தீர்கள். தபால்காரர் சரியாக நம் வீட்டுக் கதவில் போட்டுவிட்டார்.

என்ன கடிதம் என்று பார்க்கத் திறந்தேன். படித்ததும் மனம் கஷ்டமாகிவிட்டது. பெரியம்மாவுக்கு நினைவு தடுமாற ஆரம்பித்துச் சில மாதங்கள் ஆகின்றன. உங்களிடம் சொல்லிக் கவலைப்படுத்த வேண்டாம் என்றுதான் இருந்தேன். பாஸ்போர்ட்டை மாவு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். இப்போது என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நான் லண்டன் போயிருந்த இரண்டு நாளும் கோட்டும் காலணியும் மாட்டிக்கொண்டு ஜன்னலருகிலேயே உட்கார்ந்திருந்தாராம். தெருவில் போகிற ஒவ்வொரு காருக்கும் கை ஆட்டினாராம். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிச் சிரித்தபோது எனக்கு அவமானமாகப் போய்விட்டது.

நவம்பர் முதல் வாரம் ஒரு நல்ல இல்லத்தில் சேர்க்கப்போகிறேன். தாள்கள் எல்லாம் தயார். அங்கே கடிதப் போக்குவரத்து சிரமம். எனவே இனி நீங்கள் உறை அனுப்பிச் செலவு செய்ய வேண்டாம். விவரம் இருந்தால் நானே எழுதுகிறேன்.

இத்துடன் ஒரு தபால் தலை இருக்கும். உங்கள் பதிலுக்காம், பெரியம்மா சொல்கிறார். இங்கிலாந்துத் தலை மலேசியாவில் செல்லாது என்று எழுதிக் காட்டியும் கேட்கவில்லை. அதை வைத்தால்தான் சாப்பிடுவேன் என்று இரண்டு நாள் அடம். வயதானவர்களுக்கு என்ன சொல்லிப் புரியவைப்பது? வைத்துவிட்டேன்.

பெரியம்மாவின் ஆசிகளுடன்,
முகுந்தன்

•

மின்னஞ்சல்
அனுப்புநர்: வேலாயுதம், கிள்ளான்
8 அக்டோபர் 2023

அன்புள்ள மலர்விழிக்கு,

பக்கத்து வீட்டு வாத்தியார் எழுதுவது அம்மா. உன் அப்பா குரு நன்றாக இருக்கிறார், காலையில்தான் சேர்ந்து நடந்தோம். நீயும் சுகமாக இருப்பாய்.

என் அக்கா பவுனம்மாள் பற்றி நேற்றுத் தொலைபேசியில் சொன்னேன் அல்லவா. முகுந்தனின் கடிதத்தையும், அக்கா முன்பு எழுதியவற்றையும் படம் எடுத்து இத்துடன் அனுப்புகிறேன். முதலில் மே மாதக் கடிதத்தைப் படி.

உன்னிடம் மறைக்கக் கூடாது. முகுந்தன் எழுதியதைப் படித்ததும் ஒரு நாள் முழுக்க நான் அவனை நம்பினேன். அவன் சொல்வதில் ஓட்டை இல்லை. நினைவு தப்பினவர்கள் சொந்தக்காரரைத் திருடன் என்பார்கள், இங்கே எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். பேட்டரிக் கதையும் அப்படித்தானோ என்று உட்கார்ந்துவிட்டேன்.

லெட்சுமிதான் அந்தத் தபால் தலையை எடுத்து என் கையில் வைத்தாள். “புத்தி தடுமாறின பொம்பளைக்கு உங்கப்பா சட்டம் எப்படிங்க ஞாபகம் இருக்கும்?” என்றாள். பிறகு, “அவங்க கேட்டுட்டாங்க” என்றாள்.

உனக்கு விளக்கமாகச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் கேள்வி கேட்பவர்தான் பதிலுக்கும் தலை வைப்பார். இத்தனை வருடத்தில் அக்கா ஒரு தலையும் வைத்ததில்லை. ஏதாவது கேட்க வேண்டி வந்தால் வைப்பேன் என்று ஏப்ரலில் எழுதியிருந்தார். அவன் கையாலேயே வைக்க வைத்திருக்கிறார், அதுவும் பட்டினி கிடந்து. அது செல்லாது என்பது அவருக்கும் தெரியும்.

ஆகஸ்டுக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. வந்து சேரவில்லை. ஆனால் கோட்டு மாட்டிக்கொண்டு ஜன்னலில் உட்கார்ந்திருந்தார் என்றால், யாரோ வருவார்கள் என்று உட்கார்ந்திருக்கிறார். அந்த யாரோ நான் அனுப்பியிருக்க வேண்டிய ஆள். செல்லாத தலையை ஒட்டியவன் நான். கடிதம் திரும்பிப் போக வழி எழுதிக் கொடுத்தவனும் நான்.

உன்னால் முடியும் என்றால் போய்ப் பார். தனியாக உள்ளே போகாதே. நான் விமானச் சீட்டுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன், ஆனால் நவம்பருக்குள் நான் வந்து சேர்வதும் அவன் கதவைத் திறப்பதும் நிச்சயமில்லை.

ஆசிகளுடன்,
வேலாயுதம்

•

மின்னஞ்சல்
அனுப்புநர்: மலர்விழி, லீட்ஸ்
17 அக்டோபர் 2023

அன்புள்ள வேலு அங்கிளுக்கு,

முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் அக்கா என் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறார். இனி நிதானமாகப் படியுங்கள். லெட்சுமி ஆன்டியையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

சனிக்கிழமை தனியாகத்தான் போனேன், திட்டாதீர்கள். முறுக்குப் பொட்டலம் ஒன்று எடுத்துப் போயிருந்தேன். ரொம்ப மரியாதையான ஆள் அங்கிள். அதுதான் பயமாக இருந்தது.

“யாரு அனுப்புனா?” என்று கேட்டான்.

“யாரும் அனுப்பல. நான் கிள்ளான் பொண்ணு. இங்க நம்ம ஊரு ஆன்டி ஒருத்தங்க இருக்காங்கன்னு சொன்னாங்க.”

“பெரியம்மா தூங்குறாங்க. அவங்களுக்கு ஆள் அடையாளம் தெரியாதுங்க, பாவம். முறுக்க நான் குடுத்துடறேன்.”

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டான். திரும்பி வந்து காரில் உட்கார்ந்தேன். அங்கிருந்தே நகர மன்றத்தில் முதியோர் பாதுகாப்பைக் கவனிக்கும் பிரிவுக்குப் பேசினேன். நீங்கள் அனுப்பிய கடிதங்களை மொழிபெயர்த்து அனுப்பினேன். திங்கட்கிழமை ஒரு பெண் அதிகாரியும் ஒரு போலிஸ்காரரும் வந்தார்கள். அவர்களோடு உள்ளே போனேன்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ரொம்ப மெலிந்திருக்கிறார். அதிகாரி பேசினார், அக்கா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “பாத்தீங்களா, எதுவும் புரியாது” என்று முகுந்தன் ஆங்கிலத்தில் சொன்னான். அதிகாரியும் தலையசைத்து ஏதோ எழுத ஆரம்பித்துவிட்டார். அந்த நிமிடம் எல்லாம் முடிந்துபோச்சு என்றுதான் நினைத்தேன் அங்கிள்.

மருந்துக் கடைக்காரி அல்லவா, காது மிஷின் பேட்டரி கையோடு எடுத்துப் போயிருந்தேன். அக்கா முன்னால் மண்டியிட்டு, ஒரு தாளில் பெரிய எழுத்தில், ‘வேலு சார் அனுப்பினார்’ என்று எழுதிக் காட்டினேன். அக்கா ரொம்ப நேரம் அதைப் பார்த்தார். பிறகு தானே மிஷினைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பேட்டரி போட்டேன். விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. முகுந்தன், “அதெல்லாம் அவங்களுக்குத் தொந்தரவு” என்று கிட்டே வந்தான். போலிஸ்காரர் அவனை உட்காரச் சொன்னார்.

அதிகாரி இப்போது மறுபடியும் கேட்டார். இன்று என்ன கிழமை, எந்த வருடம், எந்த ஊர். அக்கா எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டு, “இதே கேள்விகளை நான் வார்டில் முப்பது வருஷம் கேட்டிருக்கேன், அடுத்து நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொல்லணும்” என்றார். அந்த அதிகாரி பேனாவை மூடிவிட்டார்.

இரண்டு தாள்களிலும் அக்காவின் கையெழுத்து இருக்கிறது. செப்டம்பர் தேதி. எப்படிப் போட்டார் என்று நான் கேட்கவில்லை. அது செல்லாமல் போக வழி இருக்கிறது, வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார் என்றார்கள். பாஸ்போர்ட்டை வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். முகுந்தனை விசாரிக்கிறார்கள்.

வெளியே வந்ததும் அக்கா, “உன் பேரு என்னம்மா? வண்டி எங்க நிக்குது?” என்று கேட்டார். லீட்ஸ் வரைக்கும் கார்க் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

அன்புடன்,
மலர்விழி

•

லீட்ஸ்
12 நவம்பர் 2023

தம்பி வேலுவுக்கு,

நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், முழங்கால் பழைய மாதிரிதான். உனக்கு ரத்த அழுத்தம் ஏறியிருப்பதாக மலர்விழி சொன்னாள். உப்பைக் குறை. லெட்சுமி சொல்வதைக் கேள்.

நீ எழுதிய மூன்று கடிதத்திலும் தபால் தலையைப் பற்றியே எழுதுகிறாய். போதும். ராணி முகம் செல்லாமல் போகும் என்று இங்கே இத்தனை வருடம் இருந்த எனக்கே தெரியவில்லை. அந்த உறைகள் இருந்ததால்தான் ஆகஸ்டு வரை என்னால் தாங்க முடிந்தது. இனி அதைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம்.

ஆகஸ்டுக்கும் அக்டோபருக்கும் நடுவில் நடந்ததை நான் எழுதப்போவதில்லை. நீயும் கேட்காதே. லெட்சுமியையும் கேட்க விடாதே. அதிகாரிகளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். ஒரு முறை சொன்னால் போதும்.

மலர்விழி தங்கமான பெண். நான் தூங்கும்போது விளக்கை அணைப்பதில்லை. அவள் ஏன் என்று கேட்பதில்லை. அவள் வீட்டுக்குள் நடக்கும்போது வேண்டுமென்றே சத்தமாகப் பாடிக்கொண்டே வருகிறாள், எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியட்டும் என்று. குரல் சுமார்தான்.

வழக்கறிஞர் வேலை முடிய இன்னும் சில வாரங்கள் ஆகும். ஜனவரியில் கிளம்பலாம் என்கிறார்கள். வீட்டை விற்றுவிடச் சொல்லிவிட்டேன். அந்த வாசலில் மறுபடியும் கால் வைக்க மாட்டேன். கிள்ளானுக்கே வருகிறேன். உங்களுக்குப் பாரமாக இருப்பேன், தெரியும், வேறு எங்கேயும் எனக்குத் தூக்கம் வராது.

பின்னறையை வெள்ளையடித்து, புதுக் கட்டில் வாங்கிப் போட்டிருப்பதாக எழுதியிருந்தாய். ஜன்னலுக்குத் திரை வேண்டாம். மின்விசிறி மெதுவாக ஓடினால் போதும். ஒன்றே ஒன்று மட்டும் பார்த்து எழுது. அந்த அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறதா, வெளிப்பக்கம் இருக்கிறதா? வெளிப்பக்கம் இருந்தால், நான் வருவதற்குள் கழற்றிவிடு.

உன் பதிலுக்காக,
அக்கா